கறுப்பு ஒயரை எதில் மாட்டியிருப்பார்

பதினொன்னு இருபது. பதினொன்னே முக்காலுக்குக் கரண்டு ஏத்தணும்னு இன்ஜினியர் நெல்சன் சார் சொல்லியிருக்காரு, இன்னும் இருபத்தஞ்சு நிமிஷம் கெடக்கு, என் வேலையோ முடிஞ்சுபோச்சு, அதுதான் சனியன். வேலை இருந்தா கை ஓடும், புத்தி சும்மா கெடக்கும். கை சும்மா இருந்தா புத்தி ஊர் மேயக் கெளம்பிரும். இந்த ஆஸ்பத்திரி நாலாவது மாடி வடக்கு மூலையில, பெயின்ட் வாடையில, ஒரு வாளியக் கவுத்துப்போட்டு உக்காந்திருக்கேன், எனக்கு எதுத்தாப்ல தொறந்த இரும்புப் பெட்டி, அதுக்குள்ள நான் மாட்டின டிரான்ஸ்பார்மர். அதுலருந்து ரெண்டே ரெண்டு ஒயர் கெளம்பி, சீலிங்குக்கு மேல பைப்புக்குள்ள அறுபது மீட்டர் ஓடி, தெக்கு மூலையில இருக்கிற இன்னொரு பெட்டிக்குப் போகுது. அந்தப் பெட்டியில நாலு எலக்ட்ரானிக் கார்டு. பொறந்த பச்சப்புள்ளைங்கள வைக்கப்போற வார்டுல எவ்வளவு குளுரணும், எவ்வளவு காத்து வரணும், மெஷின் எப்ப ஓடணும் எப்ப நிக்கணும், எல்லாத்தையும் பாத்துக்கறது அந்த நாலு கார்டுதான். திங்கக்கிழமை வார்டு திறப்பு. அந்தப் பெட்டிகிட்ட நிக்கிறது என் வீட்டுக்காரரு தவமணி. அவரும் நானும் பேசி மூணு நாளாச்சு. அது கெடக்கட்டும், பேசாம இருந்தா நாலு இட்லி கூட எறங்கும்னு நினைச்சுக்கிட்டே பெட்டிய ஒரு தடவ சும்மா பாத்தேன். கறுப்பு ஒயர் இடது ஸ்க்ரூவுல, வெள்ள ஒயர் வலது ஸ்க்ரூவுல. கறுப்பு லைவு, கரண்டு வர்ற ஒயரு; வெள்ள காமன், அது திரும்பிப் போற ஒயரு. டிராயிங்குல அப்பிடித்தான் இருக்கு, அப்பிடித்தான் மாட்டியிருக்கேன். சரி, அவரு எப்பிடி மாட்டியிருப்பாரு?

அய்யோ. அவரு எப்பிடி மாட்டியிருப்பாரு? பதினெட்டு வருஷம் மதுரையில வீட்டு வயரிங் பாத்த கை அது. வீட்டு வயரிங்குல கறுப்புன்னா நியூட்ரல். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் செவப்பு லைவு, கறுப்பு நியூட்ரல், பச்ச எர்த்துன்னு ஒப்பிப்பாரு. நியூட்ரல்ங்கிறத இந்த வேலையில நாங்க காமன்னு சொல்லுவோம், அவ்வளவுதான் வித்தியாசம். ஆனா இந்தக் கார்டுங்க வெளிநாட்டு சரக்கு, கறுப்பு-வெள்ள ஒயர் வந்தா அவங்க கணக்குல கறுப்புதான் லைவு, வெள்ளதான் காமன். இத்தன நாளும் வேலையில இந்தக் குழப்பமே வந்ததில்ல, ஏன்னா எல்லா மாடிக்கும் செவப்பு-கறுப்பு ஒயர்தான் வந்துச்சு, செவப்பு லைவுங்கிறதுல உலகத்துல யாருக்கும் சண்டையில்ல. செவ்வாக்கெழம இந்த மாடிக்கு இழுக்கும்போது பாத்து செவப்பு-கறுப்பு தீந்துபோச்சு. ஸ்டோர்ல கறுப்பு-வெள்ள எடுத்துக் குடுத்தாங்க. பைப்புல அந்தப் பக்கம் அவரு, இந்தப் பக்கம் நான். வேற நாளா இருந்தா அவரு போன் போட்டு, "ஏய், கறுப்பு எதுலடி?"ன்னு கேட்டிருப்பாரு, நான் சொல்லியிருப்பேன், அப்புறம் பீப் பாத்திருப்போம். பீப் பாக்குறதுன்னா ஒண்ணுமில்ல, அவரு ஒரு முனைய எர்த்துல தொட்டு "தொட்டுட்டேன்"ம்பாரு, நான் இந்த முனையில மீட்டர வச்சா பீப்புனு கத்தும், அதான் ஒரே ஒயருன்னு அர்த்தம். அஞ்சு நிமிஷ வேல. அந்த அஞ்சு நிமிஷத்துக்கு நாங்க பேசணுமே. யாரு பேசுறது? அவரு ஒயர ரெண்டு தடவ சுண்டி இழுத்தாரு, வந்து சேந்துருச்சுன்னு அர்த்தம். நானும் ரெண்டு தடவ சுண்டினேன், சரின்னு அர்த்தம். அவ்வளவுதான் எங்க பேச்சு. அவரு முனைய அவரு மாட்டினாரு, என் முனைய நான் மாட்டினேன். சாயங்காலம் ஷீட்டு வந்துச்சு, சோதித்தாயிற்றுங்கிற கட்டத்துல நான் கையெழுத்துப் போட்டேன், எனக்குக் கீழ அவரு போட்டாரு, ஷீட்டக் கொண்டுவந்த ஆள் அந்தண்ட போனதும் ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கமா மூஞ்சியத் திருப்பிக்கிட்டோம்.

சண்டை எதுக்கு வந்துச்சு? டீ குடிக்கிற எடத்துல அத்தன பேருக்கு நடுவுல, "எங்க வீட்டுல மீட்டர் அவ கையில, நான் வெறும் ஒயரு"ன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. சிரிச்சுட்டுப் போகட்டும்னு விட்டிருக்கலாம், விட்டா நான் அங்கயற்கண்ணி இல்லையே. "ஒயருன்னா உள்ள செம்பாவது இருக்கும்"னேன். அதுக்கு இன்னும் சிரிச்சாங்க. அவரு மட்டும் டீ கிளாஸைப் பாத்துக்கிட்டே இருந்தாரு. ஆரம்பிச்சது யாரு, அவருதானே? என்ன நான் பெருசா சொல்லிட்டேன்? அன்னிக்கு வீட்டுக்குப் போனதுலருந்து ஜாடப் பேச்சுதான். "சோறு வேணுங்கிறவங்க போட்டுத் திங்கலாம்"னு நான் அடுப்பப் பாத்துச் சொல்லுவேன். "மோட்டார் போட்டவங்க நிறுத்தணும், தண்ணி ரோட்டுல போகுது"ன்னு அவரு செவுத்தப் பாத்துச் சொல்லுவாரு. அடுப்புக்கும் செவுத்துக்கும் வாய் இருந்தா எங்க ரெண்டு பேரையும் காறித் துப்பியிருக்கும். இந்தப் புத்தி இப்ப எதுக்கு டீ கடைக்குப் போகுது, கறுப்பு எதுல இருக்குன்னு யோசிக்காம? பதினொன்னு இருபத்தஞ்சு.

மாத்திப் போட்டிருந்தா என்ன ஆகும்? டிரான்ஸ்பார்மரோட காமன் இந்தப் பக்கம் எர்த்துல இருக்கு, கார்டுங்களோட காமன் அந்தப் பக்கம் எர்த்துல இருக்கு. அவரு தலகீழா மாட்டியிருந்தா என் லைவு நேரா போயி அவரு எர்த்துல முட்டும். இருபத்துநாலு வோல்ட்டுதானே, தொட்டாக்கூட ஷாக் அடிக்காதேன்னு ஜனங்க சொல்லுவாங்க. மனுசனுக்கு அடிக்காது, கார்டக் கருக்கிரும். மூணாம் வருஷம் கோயமுத்தூர்ல ஒரு சைட்டுல பாத்தேன், சின்னதா பட்டுன்னு ஒரு சத்தம், அப்புறம் மீன் கருகுன மாதிரி ஒரு வாடை, அவ்வளவுதான், முடிஞ்சுபோச்சு. கப்பல்ல புதுக் கார்டு வர ரெண்டு மாசம். திங்கக்கிழமை திறப்பாவது ஒண்ணாவது. மீட்டர வச்சு நானே பாத்துக்கலாமேன்னா அதுக்கும் வழியில்ல, அவரு பெட்டியில ரெண்டு ஒயரையும் ஒண்ணா வெட்டுற சுவிட்சு எறக்கி வச்சிருக்கு, இந்த முனையில எத்தத் தொட்டாலும் ஊமையாத்தான் இருக்கும். கரண்டு ஏத்தினப்புறம் நெல்சன் சார் அந்தப் பக்கம் மீட்டர் வச்சா இருபத்துநாலு காட்டும், புரட்டி வச்சாலும் அதே இருபத்துநாலுதான் காட்டும், ஷீட்டுல கையெழுத்து இருக்குன்னு நம்பி சுவிட்ச மேல தள்ளிருவாரு. நேரா நடந்துபோயி பாத்துட்டு வரலாம்னா காரிடார் முழுக்கக் காலையிலதான் தரைக்கு எப்பாக்ஸி பூச்சு ஊத்தியிருக்கான், சாயங்காலம் வரைக்கும் ஈ காக்கா அதுல கால் வைக்கக் கூடாது. தரை பளபளன்னு கெடக்கு, அந்தக் கோடியில கண்ணாடிக் கதவுக்குப் பின்னால ரெண்டு உருவம் அசையிறது தெரியுது. குட்டை அவரு. நெட்டை நெல்சன் சார். கீழ எறங்கிச் சுத்திப் போனாலும் அந்த நெட்டை கண்ணு முன்னாலதான் பெட்டிய எட்டிப் பாக்கணும்.

போன் போடலாம். போட்டா யாரு எடுப்பா? நெல்சன் சார் போன்ல சார்ஜ் செத்துப்போச்சு, காலையிலருந்து தவமணி போனத்தான் கையில வச்சிருக்காரு, "முக்காலுக்கு இதுலருந்தே கூப்பிடுறேன் கண்ணி, ஸ்பீக்கர்ல போட்டுக்கலாம்"னு சொல்லியிருக்காரு. மெசேஜ் அனுப்பினாலும் சார் கண்ணுலதான் படும். கறுப்பு எதுலன்னு நான் கேட்ட அடுத்த நிமிஷம், அப்ப நீங்க பீப் பாக்கலையான்னு சார் கேப்பாரு. பாக்கலன்னா கையெழுத்து? போன மாசம் ரெண்டாவது மாடியில ஒரு சென்சார செக் பண்ணாமலே டிக் போட்டுட்டாரு தவமணி, மாட்டிக்கிட்டாரு. நெல்சன் சார் கத்தக்கூட இல்ல, மெதுவாத்தான் சொன்னாரு, "இன்னொரு தடவ பொய்க் கையெழுத்துன்னா ஆள் யாருன்னு பாக்க மாட்டேன், கேட்டுக்கு வெளிய." அன்னிக்கு முழுக்க இவரு பச்சத் தண்ணி குடிக்கல. நாப்பத்தாறு வயசுல திரும்பவும் ஸ்டூலத் தூக்கிக்கிட்டு வீடு வீடா ஃபேன் மாட்டப் போகணுமான்னு அவரு கேட்டது காதுலயே நிக்குது. ஆக, நான் வாயத் தொறந்தா அவரு வெளிய. தொறக்கலன்னா, அவரு மாத்திப் போட்டிருந்தா, கார்டு போகும், அப்பவும் அவரு வெளிய. ஒரே வழி, அவரு எப்பிடி மாட்டியிருப்பாருன்னு நானே கண்டுபிடிச்சு, இந்த முனையில அதுக்குத் தக்கன மாத்திட்டா முடிஞ்சுது. கறுப்பு அந்தப் பக்கம் காமன்ல இருந்தா, இந்தப் பக்கமும் காமன்ல போட்டுட்டாப் போச்சு, ஒயருக்கு கலர் தெரியுமா என்ன. ரெண்டு ஸ்க்ரூ. ரெண்டு நிமிஷம். ஒரு பயலுக்கும் தெரியாது. ஆனா அவரு சரியா மாட்டியிருந்து நான் மாத்தினா, நானே கார்டக் கொளுத்துன மாதிரி.

அப்ப கேள்வி ஒண்ணுதான். கறுப்பு-வெள்ள வந்தா கறுப்பு லைவுன்னு நான் சொன்னது அவரு காதுல ஏறியிருக்குமா? சொல்லியிருக்கேன், ஒரு தடவ ரெண்டு தடவயில்ல, இந்த வேலைக்கு வந்த புதுசுல சோத்துல கை வைக்க விடாம சொல்லியிருக்கேன். "சரிடி, சரிடி"ம்பாரு. அவரு சரிக்கு என்ன மரியாத? நான் சொல்லி அந்த மனுசன் எத்தக் கேட்டிருக்காரு? பிரிட்ஜ அடுப்படிக் கதவுகிட்ட வைக்காதீங்கன்னேன், வச்சாரு. வச்சுட்டு ஒரு மாசம் இடிச்சுக்கிட்டே திரிஞ்சாரு. அப்புறம் ஒரு நாள் நான் வந்து பாத்தா கூடத்துல இருந்துச்சு, அது வேற விஷயம், கால் பெருவிரல் பேந்ததுக்கப்புறம் யாரா இருந்தாலும் மாத்தத்தான் செய்வாங்க. ஹெல்மெட் போடுங்கன்னு தொண்ட வத்தக் கத்தினேன், தல வேர்க்குதும்பாரு. இப்பப் போடுறாரு, போலீஸ் பிடிக்கிறான்ல. எங்க மக யாழினிக்குக் கம்ப்யூட்டர் குரூப்தான்னேன், காமர்ஸ்தான்னு ஒத்தக் கால்ல நின்னாரு, கடைசியில பள்ளிக்கூடத்துக்குப் போயி ஃபாரத்துல கம்ப்யூட்டர்னு எழுதிக் குடுத்துட்டு வந்தாரு, ஆனா ஒரு மாசம் மொணங்கினாரே, அத என்னன்னு சொல்றது? இந்த வேலைக்கே வாங்கன்னு எத்தன நாள் கெஞ்சினேன். "பொண்டாட்டி கைக்குக் கீழ நின்னு நட்டு முறுக்கணுமாக்கும்"னு நாலு மாசம். அப்புறம் ஒரு காலையில டூல் பையத் தோள்ல போட்டுக்கிட்டு வண்டிகிட்ட நிக்கிறாரு, வாடி நேரமாச்சுங்கிறாரு. வெளிய வேல கெடைக்கல, வந்தாரு. நான் சொன்னதுக்கா வந்தாரு? இல்ல. இல்லவே இல்ல. நாய் வால நிமித்த முடியுமா, பதினெட்டு வருஷக் கை அது, கறுப்பப் பாத்ததும் தானா நியூட்ரலுக்குத்தான் போகும். அதுலயும் செவ்வாக்கெழம, என் மேல அவ்வளவு கோவத்துல. கோவத்துல இருக்கிறவன் பொண்டாட்டி சொன்னதயா நினைப்பான், கை பழக்கத்துக்குத்தான் போவான். பதினொன்னு முப்பத்தஞ்சு. எந்திரிச்சேன். ஸ்க்ரூ டிரைவர் எடுத்தேன்.

கறுப்பக் கழட்டினேன். கை வேர்த்து வழுக்குது, துப்பட்டாவுல தொடச்சுக்கிட்டேன். வெள்ளயக் கழட்டினேன். ஒரு நிமிஷம் ரெண்டு முனையும் ரெண்டு கையில. கறுப்ப வலதுல வச்சு முறுக்கினேன், வெள்ளய இடதுல வச்சு முறுக்கினேன், இழுத்துப் பாத்தேன், கெட்டியா இருக்கு. முடிஞ்சுது. காப்பாத்திட்டேன். அவருக்குத் தெரியாமலே அவரக் காப்பாத்திட்டேன், இதக்கூட சொல்லிக்காட்ட முடியாது பாரு, என் தலையெழுத்து. வாளியில திரும்ப உக்காந்தேன். நெஞ்சு அடங்கல. ஏன் அடங்கல? அதான் மாத்தியாச்சே. போன மாசம், அந்த டிக் போட்டு மாட்டிக்கிட்ட வாரம், ஞாயித்துக்கெழம நான் மீன் கழுவிக்கிட்டிருக்கேன், அவரு கட்டில்ல டிராயிங்க விரிச்சு வச்சுக்கிட்டு விரலால தடவித் தடவிப் படிக்கிறாரு. வாய் அசையுது. "என்ன, பரீட்சையா?"ன்னேன். ஒண்ணும் சொல்லாம மடக்கி வச்சுட்டாரு. அந்த டிராயிங்கு எந்த மாடி? இதுவா, அதுவா? இதுவாத்தான் இருந்தா என்ன, படிச்சா ஏறிருமா? ஏறினாலும் கை கேக்குமா? கேக்கும்னா? சரி, திரும்ப மாத்திருவோமா? மாத்தினப்புறம் அவரு பழக்கத்துக்குப் போட்டிருந்தா? பதினொன்னு நாப்பது. எந்திரிச்சேன், உக்காந்தேன், எந்திரிச்சேன். ஸ்க்ரூவுல டிரைவர வச்சேன், எடுத்தேன். காசச் சுண்டிப் பாக்கலாமான்னுகூட தோணுச்சு, த்தூ, பச்சப்புள்ளைங்க மூச்சு விடுற காத்து, அத காசச் சுண்டியா முடிவு பண்றது? கட்டினவரப் பத்தி இருபத்தோரு வருஷத்துல இந்த ஒண்ணு தெரியாமயா குடும்பம் நடத்தினேன்? தெரியும்னுதான் நினைச்சேன். இப்பப் பாத்தா தெரியல. எனக்குத் தெரியல. அந்தக் கோடியில கண்ணாடிக்குப் பின்னால குட்டை உருவம் ஆடாம அசையாம நிக்குது, இந்தப் பக்கம்தான் பாக்குற மாதிரி இருக்கு. போன் அடிச்சுது.

"கண்ணி, ரெடியா?" நெல்சன் சார் குரல், ஸ்பீக்கர்ல கெணத்துக்குள்ளருந்து வர்ற மாதிரி. "ஏத்தும்மா."

விரல் என் பெட்டி சுவிட்சு மேல இருக்கு. மேல தள்ளணும், அவ்வளவுதான். தள்ளு. தள்ளுடி. விரல் வரமாட்டேங்குது.

"சார், வேணாம் சார்."

"என்ன வேணாம்?"

"இந்த ஒயர நாங்க பீப் பாக்கல சார். பாக்காமலே நான் கையெழுத்துப் போட்டுட்டேன். அவரு மேல தப்பில்ல சார், நான் பாத்துட்டேன்னு சொல்லித்தான் அவரு போட்டாரு."

தூரத்துலருந்து அவரு குரல், மூணு நாளைக்கப்புறம், செவுத்தப் பாத்துப் பேசாத குரல்: "பொய் சொல்றா சார். அவ என்கிட்டப் பேசினாத்தானே சொல்றதுக்கு. நானும் பாக்காமத்தான் போட்டேன்."

ஏன்யா, வாய வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டியா, உனக்காகத்தானே சொன்னேன்னு உள்ளுக்குள்ள கத்துறேன்.

"சரி, கையெழுத்து அப்புறம்," நெல்சன் சார் குரல் கெட்டியாயிருச்சு. "தவமணி, இங்க கறுப்பு எதுல இருக்கு?"

"லைவுல சார்."

"நிச்சயமா?"

"கண்ணால பாருங்க சார், இதோ. டிராயிங்குல அப்பிடித்தானே இருக்கு. இந்தக் கார்டுக்குக் கறுப்பு நியூட்ரல் இல்லன்னு அவ தலபாடா அடிச்சுக்கிட்டாளே சார், மறக்குமா?"

என் பெட்டியில வெள்ள, லைவுல இருக்கு. நான் வச்சது. பத்து நிமிஷத்துக்கு முன்னால இந்தக் கையால நான் வச்சது. விரல் மட்டும் சொன்னபடி கேட்டிருந்தா இந்நேரம் அந்த நாலு கார்டும் புகைஞ்சிருக்கும்.

"கண்ணி, உங்க பக்கம்?"

கறுப்பு லைவுல சார்னு சொல்லிட்டு, போன வச்சுட்டு, ரெண்டு நிமிஷத்துல மாத்திரலாம். யாரு பாக்கப்போறா? நாக்கு நுனி வரைக்கும் வந்துருச்சு. அவரு அந்தப் பக்கம் கேட்டுக்கிட்டு நிக்கிறாரு.

"வெள்ள லைவுல இருக்கு சார். மொதல்ல சரியாத்தான் மாட்டியிருந்தேன். இப்பத்தான் மாத்தினேன்."

"இப்பவா? ஏம்மா?"

"அவரு நான் சொன்னதக் கேட்டிருக்க மாட்டாருன்னு நினைச்சேன் சார்."

அத சத்தமா சொன்னப்புறம்தான் அது எப்பிடி இருக்குன்னு எனக்கே தெரிஞ்சுது. அந்தப் பக்கம் யாரும் சிரிக்கல. நெல்சன் சார் பெருமூச்சு விட்டது கேட்டுச்சு. "மாத்திப் போடும்மா. வேற ஆளுங்கள வச்சு நான் பீப் பாத்துக்கறேன். சாயங்காலம் ரெண்டு பேரும் உள்ள வர்ற பாஸ கேட்டுல திருப்பிக் குடுத்துட்டுப் போயிருங்க, இனி வர வேணாம். ஒயரு சரியா இருந்தாலும் கையெழுத்து பொய்தானே" அப்பிடின்னாரு. அப்புறம் யாரோ நடந்து போற சத்தம், கதவு சாத்துற சத்தம். போன் கட்டாகல. மூச்சு விடுறது மட்டும் கேக்குது. அது யாரு மூச்சுன்னு எனக்குத் தெரியாதா?

"கண்ணி."

"ம்."

"நான் எப்ப நீ சொன்னதக் கேக்கல? ஒண்ணு சொல்லு."

கோவமா கேட்டிருந்தா வாய்க்கு வாய் பேசியிருப்பேன். கோவமே இல்ல, நெசமாவே தெரிஞ்சுக்கணும்னு கேக்குற மாதிரி கேக்குறாரு. சொல்லிருவோம்னு வாயத் தொறந்தேன். இருபத்தோரு வருஷம், ஒண்ணு கூடவா இல்லாமப் போயிரும்? தேடினேன். கையில வெள்ள ஒயரக் கழட்டிக்கிட்டே தேடினேன், கறுப்ப இடதுல வச்சு முறுக்கிக்கிட்டே தேடினேன், அவரு போன வைக்காம அந்தப் பக்கம் நின்னுக்கிட்டே இருந்தாரு, எனக்கு ஒண்ணும் சிக்கல.